லைன் வண்டிக்கு ரூட் போடும் மென்பொருள்: இலவசம் போதுமா, காசு கொடுக்கணுமா?

என் மச்சான் மதுரையில் பிஸ்கட், சோப்பு, டீத்தூள் ஏஜென்சி வைத்திருக்கிறார். கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு குடோன், மூன்று குட்டி யானை, ஒரு லோடு ஆட்டோ. ஒரு நாளைக்கு நூறு, நூற்றிப்பத்து கடைக்குச் சரக்கு போகும். ஒருநாள் போன் செய்தார். "மாப்ள, ஒரு சாஃப்ட்வேர்க்காரர் வந்து உக்காந்திருக்கார். வண்டிக்கெல்லாம் ரூட் போட்டுத் தருதாம். மாசாமாசம் காசு. கூகுள் மேப்புதான் சும்மா கிடைக்குதே, இதுக்கு எதுக்குக் காசு?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலே "வாங்கிப் போடுங்க மச்சான், வேலை சுளுவாகும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷச் சந்தா மொத்தமாகக் கட்டினார். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதை யாரும் திறப்பதே இல்லை. மென்பொருள் ஒன்றும் மோசமில்லை. வாங்குவதற்கு முன் நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு உட்கார்ந்து, இலவசம், காசு இரண்டையும் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தோம். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் கேன், மருந்து மொத்த விற்பனை, பால், கூரியர், டிபன் சப்ளை என்று தினமும் பல இடத்துக்கு வண்டி அனுப்பும் யாருக்கும் இது பொருந்தும்.

வழி சொல்வது வேறு, வரிசை போடுவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூகுள் மேப்ஸ் வழி சொல்லும் கருவி. குடோனிலிருந்து செல்லூருக்கு எப்படிப் போவது, எங்கே நெரிசல், எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அருமையாகச் சொல்லும். ஆனால் இருபது கடையில் எதை முதலில் முடிப்பது, எதைக் கடைசியில் வைப்பது, எந்தக் கடையை எந்த வண்டியில் ஏற்றுவது என்பது அதன் வேலை இல்லை. காசு கேட்கும் மென்பொருள்கள் விற்பது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள். 10 கடையை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். 15 கடை என்றால் சுமார் 1.3 லட்சம் கோடி விதம். கணினியும் இத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை, குறுக்குவழிகள் வைத்திருக்கிறது. 1954இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூவர் அமெரிக்காவின் 49 ஊர்களைச் சுற்றிவர மிகக் குறுகிய வழி எது என்று கணக்குப் போட்டு நிறுவினார்கள். 1959இல் அதே டான்ட்சிக், ராம்சர் என்பவருடன் சேர்ந்து, ஒரே கிடங்கிலிருந்து பல பெட்ரோல் லாரிகளைப் பல பெட்ரோல் பங்க்குகளுக்கு எப்படிப் பிரித்து அனுப்புவது என்ற கேள்வியை எடுத்தார். மச்சானின் குடோன் கேள்வியும் அதேதான், பெட்ரோலுக்குப் பதில் பிஸ்கட்.

படி 1: ஒரு வாரம் நோட்டு போடுங்கள்

எந்த மென்பொருளையும் இறக்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் கிளம்பும்போது ஓடோமீட்டர் எண், திரும்பும்போது ஓடோமீட்டர் எண். ஒவ்வொரு கடையிலும் போய்ச் சேர்ந்த நேரம், அங்கிருந்து கிளம்பிய நேரம். இறக்காமல் திரும்பி வந்த சரக்கு, ஏன் திரும்பியது. இவ்வளவு போதும். டிரைவருக்கு எழுதச் சோம்பலாக இருந்தால் கடை வாசலில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

இதைச் செய்தபோதுதான் எங்கள் தவறு புரிந்தது. ஒரு வண்டி ஏழரை மணி நேரம் வெளியே இருக்கிறது, ஆனால் ஓடுவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் சரக்கு இறக்குவது, பில் சரிபார்ப்பது, கலெக்‌ஷனுக்காகக் கடைக்காரர் முகத்தைப் பார்த்து நிற்பது. உலகத்திலேயே சிறந்த மென்பொருளும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் கை வைக்க முடியும். உங்கள் நோட்டில் வண்டி ஓடும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், உங்கள் பிரச்சினை ரூட் இல்லை. பாக்கி வசூல் பற்றி யோசியுங்கள், இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

படி 2: உங்கள் லைன் மாறுகிறதா, மாறாததா?

என்னைக் கேட்டால் மொத்த முடிவும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. எத்தனை வண்டி, எத்தனை கடை என்பதெல்லாம் அப்புறம்.

திங்கள் திருமங்கலம், செவ்வாய் மேலூர், புதன் உசிலம்பட்டி என்று வாராவாரம் அதே லைன், ஏறத்தாழ அதே கடைகள் என்றால் வரிசையை ஒரே ஒரு தடவை நன்றாகப் போட்டால் போதும். பிரிண்ட் எடுத்து வண்டியில் ஒட்டிவிடலாம். கடை கூடினால், குறைந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தலாம். ஒருமுறை செய்யும் வேலைக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பது வீண்.

ஆன்லைன் ஆர்டர், போன் ஆர்டர், வீட்டு டெலிவரி என்று இன்றைய பட்டியல் நாளைக்கு இல்லை என்றால் கதை வேறு. தினமும் காலையில் யாரோ ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பில்களைப் பிரித்து அடுக்குகிறார். அவர் லீவு போட்ட அன்றைக்கு வண்டி தாறுமாறாகச் சுற்றுகிறது. இங்கே காசு கொடுப்பதற்கு நியாயம் இருக்கிறது.

பெரும்பாலான ஏஜென்சிகள் இரண்டும் கலந்தவை. எங்களுடையதும் அப்படித்தான்: மூன்று வண்டி மாறாத லைன், ஒரு வண்டி மட்டும் டவுனுக்குள் அன்றன்றைய அவசர ஆர்டர்களுக்கு. நாலு வண்டிக்கும் சேர்த்துச் சந்தா வாங்கியதுதான் எங்கள் முட்டாள்தனம். எந்த வண்டி எந்த ரகம் என்று தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வண்டி, எட்டு ஒன்பது இடம் மட்டுமே என்றால் கூகுள் மேப்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 3: முகவரியைச் சரி செய்யாமல் எதையும் தொடாதீர்கள்

இலவசமோ காசோ, எல்லா மென்பொருளும் சறுக்குவது இங்கேதான். விற்க வருபவர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார். அவருடைய டெமோவில் முகவரிகள் எல்லாம் ஏற்கனவே சுத்தமாக இருக்கும்.

நம் முகவரிகள் எப்படி இருக்கின்றன? "முருகன் ஸ்டோர், அண்ணா நகர், பிள்ளையார் கோவில் எதிரில்." மதுரையில் அண்ணா நகர் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. கே.கே. நகர் மதுரை, சென்னை, திருச்சி மூன்றிலும் இருக்கிறது. பிள்ளையார் கோவிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பம் வேறு. இந்த எழுத்துகளை அப்படியே மென்பொருளில் கொட்டினால் அது வாய் திறந்து "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது. ஏதோ ஓரிடத்தில் புள்ளியைக் குத்திவிட்டு அதற்கும் சேர்த்து ரூட் போட்டுவிடும். எங்களுக்கு முதல் நாள் வந்த ரூட்டில் ஒரு சோப்புப் பெட்டி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது.

ஆகவே எழுத்து முகவரியை நம்பாமல் ஒவ்வொரு கடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துவிடுங்கள். எளிய வழி: டிரைவர் கடை வாசலில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்வது. ஒரு வாரத்தில் எல்லாக் கடையும் வந்துவிடும். மாலையில் ஒருவர் உட்கார்ந்து எக்செல் தாளில் ஏற்ற வேண்டும்: கடைக் குறியீடு, கடைப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, இறக்க ஆகும் நிமிடம், கடை திறந்திருக்கும் நேரம். எங்கள் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒன்பது நாள் ஆனது. சலிப்பான வேலைதான். ஆனால் நாளைக்கு எந்த மென்பொருளுக்கு மாறினாலும் இந்தத் தாள் உங்களோடு வரும். இதுதான் உங்கள் சொத்து.

இதில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, எண்ணின் நீளம். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். நான்கு என்றால் 11 மீட்டர். இரண்டே இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். எக்செல்லில் கட்டம் சிறியதாக இருந்தால் எண்ணைச் சுருக்கிக் காட்டும். பார்த்து நகலெடுப்பவர் அந்தச் சுருங்கிய எண்ணை எழுதிவிடுவார். இரண்டு, வரிசை. கூகுள் மேப்ஸில் அட்சரேகை முதலில் வரும், மதுரைக்கு 9.92, 78.12 என்பதுபோல. ஓ.எஸ்.ஆர்.எம். என்ற வழி கணக்கிடும் மென்பொருள் போன்ற திறமூலக் கருவிகள் (மூல நிரல் யாருக்கும் திறந்திருப்பவை) பல தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டால் உங்கள் மதுரைக் கடை ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலுக்குள் விழும். மூன்று, வாசல். பெரிய மார்க்கெட், மருத்துவமனை, அடுக்குமாடி என்றால் கட்டடத்தின் நடுப்புள்ளி உதவாது. வண்டி நிற்கும் இடத்தைக் குறியுங்கள்.

இந்திய அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து கொண்ட குறியீடு. புது வாடிக்கையாளரிடம் போனில் முகவரி வாங்கும்போது இது கைகொடுக்கும். ஆனால் நீங்கள் வாங்கப்போகும் மென்பொருள் இதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் எண்களாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

படி 4: கையில் இருக்கும் இலவசத்தைப் பிழிந்து பாருங்கள்

கூகுள் மேப்ஸில் ஒரு பயணத்துக்குப் புறப்படும் இடம் போக ஒன்பது நிறுத்தம் சேர்க்கலாம். வரிசையை அது தானாக மாற்றாது. விரலால் இழுத்து மாற்ற வேண்டும். மேலே உள்ள ஒரு நிறுத்தத்தைக் கீழே இழுத்ததும் மொத்த நேரம் கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும். முப்பது கடை லைனை நாலு துண்டாக வெட்டினால் இதிலேயே ஓட்டிவிடலாம். மாறாத லைனுக்கு ஒருமுறைதானே செய்யப்போகிறீர்கள், பொறுமையாகச் செய்யுங்கள்.

அதற்கு முன் கூகுள் மை மேப்ஸைக் கணினியில் திறந்து, உங்கள் எக்செல் தாளை ஏற்றிப் பாருங்கள். ஒரு அடுக்கில் 2,000 புள்ளி வரை ஏறும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிறம் கொடுங்கள். எங்கள் வரைபடத்தைப் பார்த்ததும் மச்சான் ரொம்ப நேரம் பேசவில்லை. நீல வண்டியின் கடைகளுக்கு நடுவே நாலு சிவப்புப் புள்ளி. ஏழு வருஷமாக ஒரே தெருவுக்கு இரண்டு வண்டி போய்க்கொண்டிருந்திருக்கிறது. எந்தச் சந்தாவும் இல்லாமல், ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த மிச்சம் அது.

கையால் வரிசை போட ஒரு நல்ல முறை இருக்கிறது. 1964இல் கிளார்க், ரைட் என்ற இருவர் வெளியிட்டது. பல மென்பொருள்களின் அடியில் இன்றும் இதன் சாயல் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் தனியாகப் போய்த் திரும்புவதாக முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு கடையை ஒரே பயணத்தில் சேர்த்தால் எவ்வளவு மிச்சம்? குடோனிலிருந்து முதல் கடைக்கு உள்ள தூரம், கூட்டல் குடோனிலிருந்து இரண்டாம் கடைக்கு உள்ள தூரம், கழித்தல் இரண்டு கடைக்கும் இடையே உள்ள தூரம். குடோனிலிருந்து ஒரு கடை 12 கி.மீ., இன்னொன்று 14 கி.மீ., இரண்டுக்கும் நடுவே 3 கி.மீ. என்றால் மிச்சம் 23 கி.மீ. எந்த ஜோடிக்கு மிச்சம் அதிகமோ அதை முதலில் சேருங்கள், அடுத்து அதற்கு அடுத்தது, வண்டி நிரம்பும்வரை. தொலைவில் உள்ள ஜோடிகள்தான் முதலில் ஒட்டும். நம் ஆட்கள் வழக்கமாகப் பக்கத்துக் கடையிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் தூரத்துக் கடைகள் அனாதையாக மிஞ்ச, அதற்கென்று ஒரு டிரிப் அடிப்பார்கள். இந்த முறை அதைத் தடுக்கும்.

படி 5: இலவசம், ஆனால் விவரம் தெரிந்த ஆள் வேண்டும்

இன்னொரு வகை இலவசம் உண்டு. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். அதன்மேல் வழி கணக்கிட ஓ.எஸ்.ஆர்.எம்., கிராஃப்ஹாப்பர், வல்ஹல்லா. வண்டிகளுக்குக் கடைகளைப் பிரித்து வரிசை போட வ்ரூம். கூகுள் வெளியிட்டிருக்கும் ஓ.ஆர். டூல்ஸ் இதே வேலைக்கான இன்னொரு நிரல் தொகுப்பு. இவை எல்லாம் திறமூலம், சந்தா கிடையாது. கடை திறந்திருக்கும் நேரம், வண்டி எவ்வளவு பிடிக்கும், எங்கிருந்து எடுத்து எங்கே கொடுப்பது என்று காசு மென்பொருள் செய்யும் முக்கியக் கணக்கு வேலையை வ்ரூம் செய்துவிடும்.

அப்படியானால் எல்லோரும் இதையே போடலாமே? போடலாம், குடும்பத்தில் ஒரு நிரலாளர் இருந்தால். தென்னிந்திய வரைபடக் கோப்பை இறக்கி, சர்வரில் ஏற்றி, மாதமொருமுறை புதுப்பித்து, கறுப்புத் திரையில் எண்களைக் கொடுத்து வாங்க வேண்டும். டிரைவருக்கான ஆப் இதில் வராது. சர்வர் வாடகை தனி. அந்த நிரலாளர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானுக்கு நான் இருந்தேன். அப்படியும் இதை நான் பரிந்துரைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும் என்பதால். முப்பது நாற்பது வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையாகவே லாபம். ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தாலும் கட்டுப்படியாகும்.

நிரல் எழுதாமல் முயல நினைப்பவர்கள் ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலிருந்து நடக்கும் சேவையைப் பார்க்கலாம். பதிவு செய்தால் தினசரி ஒரு அளவு வரை இலவசம். இந்த வகை வரைபடத்தில் ஒரு நன்மை, உங்கள் சந்து அதில் இல்லை என்றால் நீங்களே வரைந்து சேர்க்கலாம்.

படி 6: காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஆப்டிமோரூட், ரூட்டிஃபிக், ரூட்ஃபோர்மி, ஸ்போக் (முன்பு சர்க்யூட்) போன்றவை வெளிநாட்டுப் பெயர்கள். மேப்மைஇந்தியா போல நம் நாட்டு வரைபட நிறுவனங்களும் டெலிவரிக்கான சேவைகள் விற்கின்றன. பெயரை விடுங்கள், விற்பது எல்லோரும் ஏறத்தாழ ஒன்றைத்தான்: பட்டியலை ஏற்று, பொத்தானை அழுத்து, வண்டி வாரியாகப் பிரித்து வரிசையோடு டிரைவர் போனுக்குப் போய்விடும். நடுவில் ஒரு ஆர்டர் வந்தால் மறுபடி கணக்குப் போடும். வாடிக்கையாளருக்கு "வண்டி கிளம்பிவிட்டது" என்று செய்தி போகும். கையெழுத்து, போட்டோ சாட்சியாகப் பதிவாகும்.

இதில் உங்களுக்கு எது வேண்டும், எது அலங்காரம் என்று பிரியுங்கள். மளிகைக் கடைக்காரருக்கு நேரலையில் வண்டியைக் காட்டும் லிங்க் தேவையே இல்லை. வீட்டு டெலிவரிக்கு அது பெரிய வித்தியாசம். ஆள் இல்லாத வீட்டுக்குப் போய்த் திரும்புவது குறையும். எங்களுக்கு அவசியமாக இருந்தவை மூன்றுதான். கடைக்கு நேரம் வைக்க முடியுமா (பல கடைகள் மதியம் அடைத்துவிடும்). வண்டியின் கொள்ளளவைப் பெட்டிக் கணக்கில் வைக்க முடியுமா. சாலையின் எந்தப் பக்கம் கடை என்று கருத்தில் கொள்ளுமா. மூன்றாவது விஷயம் சின்னதாகத் தெரியும். நடுவில் தடுப்பு வைத்த சாலையில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி யு டர்ன் எடுக்க வேண்டியிருக்கும்போது புரியும்.

வரிசை வந்ததும் குடோனில் இன்னொரு மாற்றம் வரும். கடைசியாக இறக்கும் கடையின் சரக்கை முதலில் ஏற்ற வேண்டும். ஏற்றும் பட்டியலைத் தலைகீழாக அச்சிட்டுத் தருகிறதா என்று கேளுங்கள். எங்கள் முதல் மென்பொருளைச் சீண்டாமல் விட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: திரையில் ரூட் அழகாக இருக்கும், வண்டிக்குள் முதல் கடையின் பெட்டி அடியில் கிடக்கும்.

படி 7: சோதனை ஓட்டம், டிரைவரோடு

பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள் இலவசச் சோதனை தரும். அதை வீணாக்காதீர்கள். முகவரித் தாள் முடிந்த பிறகே பதிவு செய்யுங்கள். நாங்கள் முதலில் பதிவு செய்துவிட்டு முகவரி தேடி அலைந்ததில் சோதனை நாட்களே போய்விட்டன.

முதல் சோதனை மேசையில். ஆற்றின் இரு கரையில் உள்ள இரண்டு கடையைக் கொடுங்கள். மதுரையில் சிம்மக்கல்லும் செல்லூரும் படத்தில் அக்கம்பக்கம், நடுவில் வைகை. பாலம் ஏறித்தான் போக வேண்டும். இரண்டையும் "பக்கத்துக் கடை" என்று மென்பொருள் மாறிமாறி அனுப்பினால் அது சாலைத் தூரம் பார்க்கவில்லை, காக்கை பறக்கும் தூரம் பார்க்கிறது. அங்கேயே மூடிவிடுங்கள். உங்கள் ஊரில் ஆறு இல்லை என்றால் ரயில்வே லைனின் இரு பக்கத்தில் இரண்டு கடையைக் கொடுங்கள்.

அடுத்து, போன வாரம் நோட்டில் எழுதிய ஒரு நாள் பட்டியலை அப்படியே ஏற்றுங்கள். மென்பொருள் சொல்லும் கிலோமீட்டரும் உங்கள் ஓடோமீட்டரும் எவ்வளவு வித்தியாசம்? அந்த வித்தியாசத்தை இன்னும் நம்ப வேண்டாம். மறுநாள் அந்த வரிசைப்படி வண்டியை உண்மையிலேயே அனுப்புங்கள், நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.

நான் ஏறினேன். டிரைவர் அண்ணனுக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். மூன்றாவது கடையிலேயே வண்டியை ஓரம் கட்டினார்.

"தம்பி, இது சொல்றபடி இப்பப் போனா அந்தக் கடையில ஓனர் இருக்கமாட்டாரு. பதினோரு மணிக்குத்தான் வருவாரு. பையன் இருப்பான், சரக்க வாங்குவான், காசு குடுக்கமாட்டான்."

"அப்ப பதினோரு மணிக்கு மேலதான் போகணுமாண்ணே?"

"ஆமா. அதுக்குத்தான் நான் அந்தத் தெருவச் சுத்திக்கிட்டு வர்றது. நான் என்ன வழி தெரியாமயா சுத்துறேன்?"

வரைபடத்தில் வீணாகத் தெரிந்த அந்தச் சுற்றுக்கு இதுதான் காரணம். அன்று மாலைக்குள் இப்படிப் பதினாலு விவரம் எழுதினேன்: எந்தத் தெருவில் காலையில் பள்ளி வேன் அடைத்து நிற்கும், எந்தக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விடுவார், எந்தச் சந்தில் குட்டி யானை திரும்பாது. பதினொன்றை மென்பொருளில் நேரமாகவோ தடையாகவோ ஏற்ற முடிந்தது. மறுநாள் வந்த வரிசை அவர் ஓட்டும் வரிசைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது, இரண்டு இடத்தில் அதைவிடவும் நன்றாக இருந்தது. அதை அவரே சொன்னார். இந்த விவரங்களை ஏற்ற இடமே இல்லாத மென்பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 8: கணக்கு

இதற்கு நீண்ட தாள் தேவையில்லை. சோதனையில் ஒரு வண்டிக்கு நாளைக்கு 8 கி.மீ. குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், 208 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டி, டீசல் 92 ரூபாய் என்றால் மிச்சம் சுமார் 1,275 ரூபாய். அதோடு நாளைக்கு 35 நிமிடம் மிச்சமானால் மாதம் 15 மணி நேரம். ஆனால் டிரைவர் சம்பளம் மாதச் சம்பளம்தான், 35 நிமிடம் முன்னால் வந்தால் குறையாது. அந்த நேரத்தில் இன்னும் மூன்று கடை சேர்க்க முடிந்தால் மட்டுமே அதைப் பணமாக எழுதுங்கள். காலையில் ரூட் போட உட்காரும் ஆளின் நேரத்துக்கும் இதே விதி.

வந்த தொகையில் பாதியை மட்டும் நம்பி, அதை ஒரு வண்டிக்கான சந்தாவோடு ஒப்பிடுங்கள். மழை நாள், வண்டி ரிப்பேர், டிரைவர் லீவு எல்லாம் மீதிப் பாதியைத் தின்றுவிடும்.

படி 9: பணம் கட்டும் முன்

விலை எதன்மேல் என்று பாருங்கள். சிலர் டிரைவர் எண்ணிக்கைக்கு, சிலர் வண்டிக்கு, சிலர் ஆர்டர் எண்ணிக்கைக்கு வாங்குகிறார்கள். ஒரே வண்டியில் நாளைக்கு அறுபது எழுபது இடம் போகும் தண்ணீர் கேன்காரருக்கு ஆர்டர் கணக்கு கட்டாது, டிரைவர் கணக்குதான் லாபம். நாளைக்கு ஐந்தாறு பெரிய ஆர்டர் மட்டும் கொண்டுபோகும் மரச்சாமான் கடைக்கு நேர்மாறு. மாற்று டிரைவர் வந்தால் அவருக்கும் தனிச் சந்தாவா என்பதையும் கேளுங்கள்.

டாலரில் வாங்கினால் வங்கி தன் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பதிவு இருப்பவர் வெளிநாட்டு நிறுவனத்திடம் சேவை வாங்கினால் 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் தானே கட்டி, பின் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி தவறி, திங்கட்கிழமை காலையில் கணக்கு முடங்கி நிற்பதைத் தவிர்க்க மாதக் கட்டணமே நல்லது. வருஷச் சந்தாவில் தள்ளுபடி காட்டுவார்கள். முதல் மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், நாங்கள் பார்த்துவிட்டோம்.

வாடிக்கையாளர் பெயர், செல் எண் எல்லாவற்றையும் ஏற்றத் தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. கடைக்குக் குறியீட்டு எண்ணும் இருப்பிட எண்களும் போதும். பெயர்ப் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கட்டும். வீட்டு டெலிவரிக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் செல் எண். அதேபோல் சேர்ந்த தரவை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதனைக் காலத்திலேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "முடியும்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போகும் மூன்று வண்டிக்கும் கையால் போட்ட வரிசை, மை மேப்ஸ் படம், வண்டிக்குள் ஒட்டிய பிரிண்ட். டவுன் வண்டிக்கு மட்டும் ஒரு டிரைவர் சந்தா, மாதக் கட்டணம். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில் வரும் நாட்களில் அந்தச் சந்தாவும் சும்மா கிடக்கும். அன்றைக்கு எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடைபடும் என்று டிரைவர் அண்ணன் முதல்நாள் ராத்திரியே ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்துவிடுவார்.